நகலெடுத்துக் காத்த அந்தரங்கம்: ஜெஃபர்சனின் கடிதங்களில் அடிமைமுறை அரசியல்

1820 ஏப்ரல் 22 அன்று அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தாமஸ் ஜெஃபர்சன், மான்டிசெல்லோ மலைவீட்டிலிருந்து ஜான் ஹோம்ஸ் என்ற வடமாநில அரசியல்வாதிக்கு ஒரு கடிதம் எழுதினார். மிசௌரியை அடிமைகள் உள்ள மாநிலமாக ஒன்றியத்தில் சேர்ப்பதா என்று காங்கிரஸ் மாதக்கணக்கில் மோதி, மேற்கு நிலப்பரப்பின் குறுக்கே ஒரு கோடு கிழித்து ஓய்ந்திருந்த நேரம் அது. அந்தச் சச்சரவு நள்ளிரவுத் தீ மணிபோலத் தம்மை எழுப்பித் திகிலூட்டியது என்றும், ஒன்றியத்தின் சாவுமணியாகவே அது தமக்குக் கேட்டது என்றும் எழுதினார். ஓநாயின் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம், பிடித்துக்கொண்டே இருக்கவும் முடியவில்லை, பயமின்றி விட்டுவிடவும் முடியவில்லை என்றார். ஒரு தட்டில் நீதி, மறுதட்டில் தற்காப்பு. அடிமைகளை விடுவித்து வேறெங்காவது குடியேற்ற ஒரு வழி மட்டும் பிறந்தால், அந்தச் ‘சொத்தை’ இழப்பது தமக்கு இரண்டாவது முறை யோசிக்கக்கூடத் தேவையில்லாத அற்ப விஷயம் என்றும் சொன்னார். அமெரிக்க வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படும் கடிதம் இது.

அதே ஆண்டு ஜூன் 30 அன்று அவர் எழுதிய இன்னொரு கடிதம் அவ்வளவு பிரபலம் இல்லை. மருமகன் ஜான் வேல்ஸ் எப்ஸுக்கு எழுதியது, குடும்பக் கொடுக்கல் வாங்கல் பற்றியது. இரண்டு வருடத்துக்கு ஒரு பிள்ளை பெறும் பெண், பண்ணையின் மிகச் சிறந்த ஆணைவிட லாபகரமானவள் என்று அதில் கணக்குச் சொல்கிறார். ஆணின் உழைப்பு அன்றாடச் செலவிலேயே கரைந்துவிடுகிறது, அவள் பெறுவதோ முதலில் சேருகிறது. ஹோம்ஸுக்கு அற்பமாகத் தெரிவிக்கப்பட்ட சொத்து, பத்து வாரம் கழித்து மருமகனிடம் வளரும் முதலாகிவிட்டது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘பாசாங்குக்காரர்’ என்று தீர்ப்புச் சொல்லிவிடலாம். பலர் சொல்லியிருக்கிறார்கள், பொய்யும் இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்போடு நிறுத்திக்கொண்டால் கடிதங்கள் செய்த வேலை கண்ணில் படாமல் போகும். மனத்தில் இருப்பதைப் பகிரங்கமாகச் சொல்ல முடியாத அரசியல்வாதி, நம்பிக்கையான நண்பர்களுக்கு மட்டும் எழுதினார் என்ற வழக்கமான விளக்கமும் எனக்குப் போதவில்லை. அடிமைமுறை பற்றி அவர் எழுதிய முக்கியமான கடிதங்களை வரிசையாகப் படித்தால் ஒரு சங்கதி தட்டுப்படுகிறது. பெறுபவரிடம் ஏதாவது ஒன்றைச் செய்யாமல் இருக்கும்படி அவை கேட்கின்றன. அச்சிடாதே, சங்கத்தில் சேரச் சொல்லாதே, பதில் எதிர்பார்க்காதே, ஊரைவிட்டுப் போகாதே. அந்தரங்கம் என்பதே இந்த விஷயத்தில் அவருடைய கொள்கையாக இருந்தது.

அந்தரங்கம் என்று சொல்லும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜெஃபர்சன் தம் வாழ்நாளில் ஏறத்தாழ 19,000 கடிதங்கள் எழுதினார். 1783 முதல் சாகும்வரை, எழுதிய கடிதம், வந்த கடிதம் எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரு பதிவேட்டில் குறித்து வந்தார். முதலில் ஈரத்தாளை அழுத்தி நகலெடுக்கும் இயந்திரம். 1804லிருந்து பாலிகிராஃப் என்ற கருவி: கையில் ஒரு பேனா எழுத எழுத, அதோடு பிணைத்த இரண்டாவது பேனா பக்கத்துத் தாளில் அதையே எழுதிக்கொண்டு போகும். அந்தக் கருவியின்மேல் அவருக்கு இருந்த பிரியம் கொஞ்சநஞ்சமல்ல. இப்படி வரிக்கு வரி நகல் காத்தவருக்கு, கடிதங்கள் ஒருநாள் வாசிக்கப்படும் என்பது தெரியாமல் இருந்திருக்காது. தாம் உயிரோடு இருக்கும்வரை வாசிக்கப்படக் கூடாது, அவ்வளவுதான்.

தொடக்கத்தில் இப்படி இல்லை. வர்ஜீனியா சட்டமன்றத்தில் புதிதாக நுழைந்த இளைஞராக இருந்தபோது, அடிமைகளுக்குச் சட்டப் பாதுகாப்பை ஓரளவு விரிவாக்கும் முயற்சி ஒன்றில், உறவினரும் மூத்த உறுப்பினருமான ரிச்சர்ட் பிளாண்டுக்குத் துணை நின்றார். பிளாண்டை நாட்டின் எதிரி என்று வைதார்கள். இளையவர் என்பதால் ஜெஃபர்சன் தப்பித்தார். 1784இல் காங்கிரஸில், 1800க்குப் பிறகு மேற்குப் பகுதிகள் எதிலும் அடிமைமுறை கூடாது என்று அவர் வரைந்த விதி, ஒரேயொரு வாக்குக் குறைவால் விழுந்தது. நியூ ஜெர்சி உறுப்பினர் ஒருவர் உடல்நலமில்லாமல் வராமல் போனதுதான் காரணம். ஒரு தனிமனிதரின் குரலில் பிறவாத லட்சோபலட்சம் பேரின் விதி தொங்கியது, அந்தக் கணத்தில் வானமும் மௌனமாக இருந்தது என்று இரண்டாண்டு கழித்துப் பிரெஞ்சு எழுத்தாளர் தெமுனியேவுக்காக எழுதிய குறிப்பில் வருந்தினார். அந்த வருத்தத்தைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் இல்லை. ஆனால் அந்தத் தோல்விக்குப் பிறகு இந்த விஷயத்தில் அவர் வெளிப்படையாகத் தோற்கத் துணிந்ததில்லை.

1785இல் அவர் பாரிஸில் அமெரிக்கத் தூதர். வர்ஜீனியாவைப் பற்றிய தம் நூலை 200 பிரதி மட்டும் தனியாக அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அடிமைமுறை எஜமானனையும் கெடுக்கிறது என்ற கடுமையான கண்டனமும், கறுப்பர்கள் அறிவில் தாழ்ந்தவர்களாக இருக்கலாம் என்ற ‘சந்தேக’மும் அதே நூலில்தான் இருந்தன. அதிலிருந்து சில பகுதிகளை வெளியிடலாமா என்று பிரெஞ்சு எழுத்தாளர் ஷாஸ்டெலூ கேட்டபோது, அடிமைமுறை பற்றியும் வர்ஜீனிய அரசியலமைப்பு பற்றியும் உள்ள பகுதிகளைத் தவிர்க்கச் சொன்னார். அவை ஊரில் எரிச்சலைக் கிளப்பி, விடுதலையையே தள்ளிப்போட்டுவிடும் என்பது அவர் வாதம். அதே கோடையில் லண்டன் பாதிரியார் ரிச்சர்ட் பிரைஸுக்கு எழுதியதில் ஒரு வரைபடமே தீட்டுகிறார். செசபீக் விரிகுடாவுக்குத் தெற்கே ஆதரவு கிடைக்காது, வடக்கே கிடைக்கும், நடுவில் இருக்கும் வர்ஜீனியாதான் போர்க்களம். அங்கே வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் ஜார்ஜ் வித் என்ற சட்ட ஆசிரியரிடம் படிக்கும் இளைஞர்கள் கையில்தான் எதிர்காலம். வித் அவருக்கும் குரு. அடுத்த தலைமுறை பார்த்துக்கொள்ளும் என்ற வாக்கியம் அவர் பேனாவில் அன்று ஏறியது. அப்போது அவருக்கு வயது 42.

1788இல் பிரெஞ்சு அடிமை ஒழிப்பாளர் பிரிஸ்ஸோ, கறுப்பரின் நண்பர்கள் சங்கத்தில் சேர அழைத்தார். அடிமை வணிகமும் அடிமைநிலையும் ஒழிய வேண்டும் என்பதில் தம்மைவிட ஆர்வமுள்ளவர் எவரும் இல்லை, ஆனால் தாம் ஓர் அரசின் ஊழியர், அந்த மக்கள் இன்னும் குரல் கொடுக்காத நிலையில் தாம் வெளிப்பட்டால் ஊரில் தம்மால் செய்யக்கூடியதும் கெடும் என்று மறுத்துவிட்டார்.

ஒரே ஒரு தடவை கதவு காற்றில் திறந்துகொண்டது. 1791 ஆகஸ்டில் மேரிலாந்தைச் சேர்ந்த பெஞ்சமின் பானக்கர், சுதந்திரமாகப் பிறந்த கறுப்பினத்தவர், தாமே கணித்த பஞ்சாங்கத்தின் கையெழுத்துப் பிரதியை வெளியுறவுச் செயலாளர் ஜெஃபர்சனுக்கு அனுப்பி, கூடவே நீண்ட கடிதமும் எழுதினார். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிய கை, என் சகோதரர்களைக் கட்டாயத்தாலும் வன்முறையாலும் பிடித்து வைத்திருப்பது எப்படி என்பது அதன் சாரம். ஜெஃபர்சன் ஆகஸ்ட் 30 அன்று மரியாதையாக, சுருக்கமாகப் பதில் எழுதினார். இப்படிப்பட்ட சான்றுகளைக் காண்பதைவிட மகிழ்ச்சி வேறில்லை என்றார். பஞ்சாங்கத்தைப் பாரிஸ் அறிவியல் கழகத்தின் கோன்டோர்செக்கு அனுப்புவதாகவும் சொன்னார். அன்றைய தேதியிலேயே கோன்டோர்செக்கு அவர் எழுதிய கடிதமும் இருக்கிறது. பானக்கர் சும்மா இருக்கவில்லை. இரண்டு கடிதங்களையும் அச்சேற்றிவிட்டார். 1796 அதிபர் தேர்தலில் எதிரணியின் துண்டுப்பிரசுரம் அந்தப் பதிலை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு கறுப்பருக்கு அரசின் செயலாளர் இப்படியா எழுதுவது என்று தென்மாநில வாக்காளர்களிடம் ஏளனம் செய்தது.

பாடம் நன்றாகவே பதிந்தது. 1809 பிப்ரவரியில் பிரெஞ்சுப் பாதிரியார் ஆன்றி கிரெகுவார், கறுப்பின எழுத்தாளர்களைத் தொகுத்துத் தாம் எழுதிய நூலை அனுப்பியபோது, தம் பழைய சந்தேகங்கள் பொய்யாக வேண்டுமென்று தம்மைவிட விரும்புபவர் இல்லை என்று பணிவாக எழுதினார் ஜெஃபர்சன். அவர்கள் திறமை எவ்வளவாக இருந்தாலும் அது அவர்கள் உரிமைக்கு அளவுகோல் ஆகாது என்றும் சேர்த்துக்கொண்டார். அருமையான வாதம், இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நண்பர் ஜோயல் பார்லோவுக்கு எழுதும்போது, கிரெகுவாருக்குத் தாம் மிக மென்மையான பதில் ஒன்று எழுதிவைத்ததாகச் சொல்லிவிட்டு, அவருடைய சான்றுகளை ஏளனம் செய்கிறார். பானக்கர் மிகச் சாதாரண மூளைக்காரர், கணிப்பில் அண்டைவீட்டு எலிகாட் உதவியிருப்பார் என்கிறார். பெறுபவர் யார் என்று பார்க்காமல் ஜெஃபர்சனின் எந்தக் கடிதத்தையும் மேற்கோள் காட்டக் கூடாது என்பதற்கு இந்த ஜோடி ஒன்றே போதும்.

1805 மே மாதம் பென்சில்வேனியா செனட்டர் ஜார்ஜ் லோகனுக்கு எழுதிய சின்னக் கடிதத்தை நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன். தாமஸ் பிரானகன் என்பவர் அடிமைமுறைக்கு எதிரான தம் நூலுக்கு அதிபரின் ஆதரவைக் கேட்டிருந்தார். மறுத்து எழுதினால் மனம் நோகும், ஆதரித்து எழுதினால் ஆபத்து. எனவே தாம் எழுத்தில் எதுவும் தருவதற்கில்லை, நீங்களே நேரில் சொல்லிவிடுங்கள் என்று லோகனைக் கேட்டுக்கொண்டார் அதிபர். இந்த விஷயத்தில் பொதுவில் எதையும் செய்யாமலும் காட்டாமலும் மிகக் கவனமாக இருந்து வந்திருக்கிறேன். தீர்மானமான பலன் தரும்படி தலையிட ஒரு தருணம் வந்தால் நிச்சயம் கடமையைச் செய்வேன். அதுவரை சின்னச் சின்னச் செயல்களில் இறங்கினால் என் செல்வாக்கை நானே இழப்பதாகும் என்று காரணம் சொன்னார். சில்லறையாகச் செலவழிக்கக் கூடாது என்று சேர்த்துச் சேர்த்து வைத்த பணம்போல அந்தச் செல்வாக்கு. அப்போது அவர் இரண்டாம் முறை வென்று, காங்கிரஸிலும் பெரும்பான்மை பெற்றிருந்த அதிபர். அந்தப் பதவிக்காலத்தில் ஒன்று செய்தார், அதை மறைக்க வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவதைத் தடை செய்யும்படி 1806 இறுதியில் காங்கிரஸைக் கேட்டார். அரசியலமைப்பு அனுமதித்த முதல் நாளான 1808 ஜனவரி 1 அன்று தடை அமலுக்கு வந்தது. ஆனால் உள்நாட்டில் அடிமைகளை விற்கும் வர்ஜீனியக்காரர்களுக்கு அதனால் நஷ்டம் ஏதுமில்லை. இறக்குமதி நின்றால் இருப்பின் விலை ஏறும்.

அச்சமும் அவர் கடிதங்களில் உண்டு. செயின்ட் டொமிங்கோ தீவில் அடிமைகள் எழுந்து எஜமானர்களை விரட்டிய செய்தி அவரை ஆட்டியது. ஏதாவது செய்யாவிட்டால், சீக்கிரமே செய்யாவிட்டால், நம் பிள்ளைகளை நாமே கொன்றவர்கள் ஆவோம் என்று 1797இல் வர்ஜீனியச் சட்ட அறிஞர் செயின்ட் ஜார்ஜ் டக்கருக்கு எழுதினார். 1800இல் ரிச்மண்ட் அருகே கேப்ரியேல் என்ற கொல்லர் திட்டமிட்ட எழுச்சி முன்கூட்டியே அம்பலமாகி, வரிசையாகத் தூக்குத் தண்டனைகள் நடந்துகொண்டிருந்தபோது, ஆளுநர் மன்றோ ஆலோசனை கேட்டார். தூக்கிலிட்டது போதும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, பழிவாங்கும் போக்கில் ஓர் அடி கூடுதலாகப் போனாலும் உலகம் நம்மை என்றென்றும் கண்டிக்கும், இரு தரப்பின் உரிமைகளையும் தோற்ற தரப்பின் நோக்கத்தையும் உலகம் பார்க்காமல் இருக்காது என்றார் ஜெஃபர்சன். கலகக்காரர்களுக்கு ஒரு ‘உரிமை’ இருந்தது என்பதை வர்ஜீனிய நிலக்கிழார் ஒருவர் எழுத்தில் ஒப்புக்கொண்டது சாதாரணமில்லை. மேடையில் அப்போது அவர் அதிபர் வேட்பாளர். அங்கே அதைச் சொல்லவில்லை.

எட்வர்ட் கோல்ஸுடன் நடந்த கடிதப் போக்குவரத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஜெஃபர்சனுக்கு நிகராகப் பேசி, அவர் சொல்லைக் கேட்காமல் போனவர் கோல்ஸ்தான். ஜெஃபர்சனின் மாவட்டமான ஆல்பமார்லைச் சேர்ந்தவர், வில்லியம் அண்ட் மேரியில் படித்தவர், அதிபர் மாடிசனின் அந்தரங்கச் செயலாளர். அப்பாவிடமிருந்து வாரிசாக வந்த அடிமைகளை வைத்துக்கொள்ள மனம் ஒப்பாமல், அவர்களோடு வர்ஜீனியாவைவிட்டே போவதென்று முடிவு செய்திருந்தார். 1814 ஜூலை 31 அன்று ஜெஃபர்சனுக்கு எழுதினார். உங்கள் வாழ்நாள் கொள்கையைச் செயலாக்கும் திட்டமொன்றை நீங்களே வகுத்து முன்னிற்க வேண்டும். உடனே பலிக்காவிட்டாலும் நீங்கள் போன பிறகு உங்கள் பெயர் அதற்குப் பலம் சேர்க்கும் என்று கேட்டார்.

ஆகஸ்ட் 25 அன்று வந்த பதில், ஜெஃபர்சனின் கடிதக் கலையின் உச்சம் என்றே சொல்வேன். முதலில் புகழ்கிறார்: எங்கும் மௌனம் சூழ்ந்திருக்க, உங்கள் ஒற்றைக் குரல் கேட்டது. பிறகு தம் கதை: பிளாண்ட் பட்ட அவமானம், தம் தலைமுறையின் தூக்கம், இளைய தலைமுறை எழும் என்று காத்திருந்து ஏமாந்தது. விடுதலை வந்தே தீரும், நம் மனத்தின் பெருந்தன்மையால் வரலாம், இல்லாவிட்டால் செயின்ட் டொமிங்கோவின் ரத்த வழியில் வரலாம் என்கிறார். அதன்பின் வயது: ஹெக்டரின் கவசத்தைக் கிழவர் பிரயாமை அணியச் சொல்வதுபோல இருக்கிறது உங்கள் வேண்டுகோள், இது இளைஞர்களுக்கான வேலை, என்னிடம் இருப்பது பிரார்த்தனை மட்டுமே. இந்த மக்கள் குழந்தைகள்போலத் தங்களைக் காத்துக்கொள்ளத் தெரியாதவர்கள், வெள்ளையரோடு அவர்கள் ரத்தம் கலப்பது இழிவு என்பவையும் இடையிலேயே வருகின்றன. கடைசியாகத்தான் விஷயத்துக்கு வருகிறார். உங்கள் சொத்தையும் நாட்டையும் கைவிட்டுப் போகாதீர்கள். அவர்களுக்கு நன்றாக உணவும் உடையும் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள், சட்டமன்றத்துக்குப் போங்கள், மெல்லப் பேசி மெல்லப் பரப்புங்கள்.

சட்டம் இடம் தரவில்லை என்று அதே பதிலில் அவர் சொன்ன வாதத்தில் பாதி உண்மை உண்டு. 1782இல் வர்ஜீனியா, எஜமானர்கள் விரும்பினால் அடிமைகளை விடுவிக்க வழி திறந்தது. 1806இல் கொண்டுவந்த சட்டப்படி விடுதலை பெற்றவர் பன்னிரண்டு மாதத்துக்குள் மாநிலத்தைவிட்டு வெளியேற வேண்டும். ஆனால் இடைப்பட்ட இருபத்து நான்கு ஆண்டுகளில் ராபர்ட் கார்ட்டர் என்ற நிலக்கிழார் 1791இல் ஒரே ஆவணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோரின் விடுதலைக்கு ஏற்பாடு செய்தார். வாஷிங்டன் தம் உயிலில் எழுதிவைத்தார். அந்தக் காலகட்டத்தில் ஜெஃபர்சன் விடுவித்தது ராபர்ட் ஹெமிங்ஸ், ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்ற இருவரை. ‘அவர் காலத்து மனிதர்’ என்ற சமாதானம் எனக்கு எடுபடாதது இதனால்தான். கார்ட்டரும் அதே காலத்து மனிதர், அதே மாநிலத்து நிலக்கிழார்.

கோல்ஸ் செப்டம்பரில் எழுதிய மறுமொழி மரியாதை குறையாதது, ஆனால் விட்டுக்கொடுக்காதது. வயதைக் காரணம் சொல்கிறீர்கள், பிராங்க்ளின் உங்களைவிடக் கிழவராக இருந்தபோதுதான் இந்தக் காரியத்தில் மும்முரமாக இருந்தார் என்று நினைவூட்டினார். அடிமை ஒழிப்பு மனுவொன்றில் பிராங்க்ளின் 1790இல் கையெழுத்திட்டபோது அவருக்கு 84 வயது. ஜெஃபர்சனுக்கு இப்போது 71. அதற்கு மேல் அந்த விவாதம் நகரவில்லை.

1819 வசந்தத்தில் கோல்ஸ் தம் அடிமைகளை அழைத்துக்கொண்டு ஒஹையோ நதியில் படகில் இறங்கினார். நடு ஆற்றில் வைத்து, நீங்கள் எல்லோரும் விடுதலை பெற்றவர்கள் என்று அறிவித்தார். இல்லினாயில் குடும்பத் தலைவர் ஒவ்வொருவருக்கும் 160 ஏக்கர் நிலம் ஏற்பாடு செய்தார். 1822இல் அந்த மாநிலத்தின் ஆளுநரானார். இல்லினாயை அடிமை மாநிலமாக்க அரசியலமைப்பைத் திருத்தும் முயற்சி நடந்தபோது தம் சம்பளத்தையும் போட்டு எதிர்த்து நின்றார். 1824 வாக்கெடுப்பில் அந்த முயற்சி 4,972க்கு 6,640 என்று தோற்றது. பொதுவில் பேசினால் காரியம் கெடும் என்ற வாதத்துக்கு, பொதுவில் பேசி ஒரு மாநிலத்தைக் காத்தவர் தந்த பதில் இது. அதே 1819இல் ஜெஃபர்சனுக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. போலந்து வீரர் கோசியூஸ்கோ, அமெரிக்காவில் தமக்குச் சேர வேண்டிய பணத்தைக் கொண்டு அடிமைகளை, ஜெஃபர்சனின் அடிமைகளையும்கூட, வாங்கி விடுவிக்கும்படி உயில் எழுதி, ஜெஃபர்சனையே நிறைவேற்றுநராக நியமித்துவிட்டு 1817இல் இறந்திருந்தார். ஜெஃபர்சன் வயதைச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை இழுபட்டு, 1852இல் பணம் கோசியூஸ்கோவின் உறவினர்களுக்குப் போனது. ஒருவரும் அந்தப் பணத்தில் விடுதலையாகவில்லை.

தத்துவக் கடிதங்களுக்குப் பக்கத்திலேயே, அதே பதிவேட்டில், பண்ணைக் கடிதங்களும் இருக்கின்றன. பாப்ளர் ஃபாரஸ்ட் பண்ணையைப் பார்த்துக்கொண்ட ஜோயல் யான்சிக்கு 1819 ஜனவரியில் எழுதியது அதிலொன்று. நாலு வருடத்தில் ஐந்து சிசுக்கள் இறந்திருக்கின்றன, மேற்பார்வையாளர்கள் தாய்மாருக்குப் பிள்ளை பார்க்க நேரம் கொடுப்பதில்லை போலும் என்று கவலைப்படுகிறார். நமக்கு முதல் அக்கறை அவர்கள் உழைப்பு இல்லை, பெருக்கம்தான் என்று மேற்பார்வையாளர்களுக்கு உறைக்கும்படி சொல்லச் சொல்கிறார். இந்த விஷயத்திலும் இறைவன் நம் லாபத்தையும் கடமையையும் ஒன்றாகவே இணைத்துவிட்டான் என்று ஒரு வாக்கியமும் உண்டு. ஹோம்ஸ் கடிதத்தில் தராசின் இரு தட்டுகளில் இழுபட்ட நீதியும் தற்காப்பும் இங்கே சிரமமில்லாமல் சமாதானமாகிவிடுகின்றன. 1812இல் ரூபன் பெர்ரிக்கு எழுதியதில், ஆணிப்பட்டறையில் சிறுவனாக வேலைக்கு வைக்கப்பட்டு வளர்ந்து, ஓடிப்போய்ப் பிடிபட்ட ஜேம்ஸ் ஹப்பர்டைப் பழைய கூட்டாளிகளின் கண்ணெதிரே கடுமையாகச் சவுக்கால் அடிக்கச் செய்து சிறையில் அடைத்திருப்பதாகத் தெரிவிக்கிறார். மான்டிசெல்லோ ஆணிப்பட்டறையில் பத்து முதல் பதினாறு வயதுப் பையன்கள் வேலை செய்தார்கள். அங்கே சின்னப் பையன்களுக்குச் சவுக்கடி விழுவதை மருமகன் ராண்டால்ஃப் கடிதத்தில் தெரிவித்திருந்ததையும், இருபதாம் நூற்றாண்டுப் பதிப்பொன்றில் அந்த வரி விடுபட்டதையும் எழுத்தாளர் ஹென்றி வீன்செக் சுட்டிக்காட்டினார். அவர் நூலின் மற்ற முடிவுகளை ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. ஆனால் கடிதங்களைக் கத்தரித்த பதிப்பாசிரியர்களும் ஜெஃபர்சனின் அந்தரங்கத்துக்குக் காவல் நின்றார்கள் என்பது சரிதான்.

காவல் தேவைப்படாத மௌனமும் உண்டு. தம் அடிமைப்பெண் சாலி ஹெமிங்ஸுடனான உறவைப் பற்றி 1802இல் பத்திரிகையில் வெளியாகி நாடே பேசியபோதும், கடிதங்களில் அவர் அதற்கு நேராகப் பதில் சொன்னதில்லை. 1998 மரபணுச் சோதனைக்குப் பிறகு, அவள் பிள்ளைகளின் தந்தை அவரே என்பதைப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் ஏற்கிறார்கள். 1815இல் பிரான்சிஸ் கிரே என்பவர், சட்டப்படி எப்போது ஒருவர் கலப்பினத்தவர் என்று கேட்டதற்கு, ஜெஃபர்சன் இயற்கணிதச் சமன்பாடு எழுதிப் பதிலளித்தார். மூன்றாவது கலப்பில் கறுப்பு ரத்தம் தீர்ந்துவிடும், ஆனால் தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமைதான், விடுவித்தால் அவன் சுதந்திரமான வெள்ளையன். அந்த வாய்பாட்டுக்குச் சரியாகப் பொருந்தும் நான்கு பிள்ளைகள் அப்போது அவர் வீட்டிலேயே வளர்ந்துகொண்டிருந்தார்கள். கடிதத்தில் ஏ, பி இருக்கின்றன; பெயர்கள் இல்லை.

எதிர்த்திசையில் வந்த கடிதங்கள் சில பிழைத்திருக்கின்றன. பாப்ளர் ஃபாரஸ்டில் வீட்டு வேலை பார்த்த ஹன்னா என்ற அடிமைப்பெண் 1818 நவம்பரில் ஜெஃபர்சனுக்கு எழுதியது அவற்றில் ஒன்று. உங்கள் வீடும் சாமான்களும் பத்திரமாக இருக்கின்றன, உடம்பு சரியில்லாததால் இந்தப் பருவத்தில் நீங்கள் வரவில்லை என்று கேட்டு வருந்தினேன் என்கிறாள். பிறகு, கேட்காமலே, கடவுளைப் பற்றிப் பேசுகிறாள்: நம் எல்லோரையும் காப்பவன் அவன், அவன் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து நடப்பது நம் எல்லோருக்கும் கடமை. எஜமானருக்கு உபதேசம். மறுமையைப் பற்றி அவருக்கு இருந்த தனி அபிப்பிராயங்கள் ஊரறிந்தவை, ஹன்னாவுக்கும் எட்டியிருக்கலாம். ஒரு திட்டத்தையும் முன்வைக்காமல் ‘நாம் எல்லோரும்’ என்று இருவரையும் சேர்த்துப் பேசிவிடுகிறாள். ஜெஃபர்சனின் எல்லாக் கடிதங்களிலும் அடிமைகள் ‘அவர்கள்’தான்.

1824 பிப்ரவரியில் பத்திரிகை ஆசிரியர் ஜாரெட் ஸ்பார்க்ஸுக்கு அவர் எழுதியதில் ‘அவர்கள்’ முழுக்க எண்களாகிறார்கள். நாட்டில் 15 லட்சம் அடிமைகள்; இருபத்தைந்து ஆண்டில் இரட்டிப்பாவார்கள்; தலைக்குச் சராசரி 200 டாலர் என்றால் 60 கோடி டாலர் இழப்பீடு; ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிக் குடியமர்த்த இன்னும் 30 கோடி. முடியாத காரியம். எனவே இனிப் பிறப்பவர்களை மட்டும் விடுவிப்பது: பிறந்த சிசுவின் மதிப்பு பன்னிரண்டரை டாலர்தான், எஜமானர்கள் இனாமாகவே தந்துவிடுவார்கள், செலவு மூன்றே முக்கால் கோடிக்கு இறங்கிவிடும். வளர்ந்ததும் செயின்ட் டொமிங்கோவுக்கு அனுப்பலாம். தாயிடமிருந்து குழந்தையைப் பிரிப்பது சிலரின் மனிதாபிமானத்தை உறுத்தும் என்பதையும் குறிப்பிட்டு, கொசுவை வடிகட்டி ஒட்டகத்தை விழுங்கும் கதை அது என்று விவிலிய உவமை ஒன்றால் ஒதுக்கிவிடுகிறார். ஹோம்ஸ் கடிதத்தின் வேதனை பொய்யில்லை என்று வாதிடுபவர்கள் இந்தக் கடிதத்தையும் கூடவே படிக்க வேண்டும். வேதனை இருக்கிறது, வெள்ளையரின் எதிர்காலத்தைப் பற்றிய வேதனை.

1826 மே மாதம், சாவதற்கு ஆறு வாரம் முன்பு, ஜேம்ஸ் ஹீட்டனுக்கு எழுதியபோதும் பொறுமையையே பரிந்துரைத்தார். இந்த விஷயத்தில் தம் கருத்து நாற்பது ஆண்டாகத் தெரிந்ததுதான் என்றார். ஜூலை 4 அன்று இறந்தார். உயிலில் ஐந்து பேருக்கு விடுதலை. வாழ்நாளில் அவருக்கு உடைமையாக இருந்தவர்கள் அறுநூறுக்கு மேல். ஒரு லட்சம் டாலரைத் தாண்டிய கடனுக்காக 1827 ஜனவரியில் மான்டிசெல்லோவில் 130 பேரை ஏலத்தில் நிறுத்தினார்கள். உயிலால் விடுதலை பெற்ற கொல்லர் ஜோ ஃபாசெட்டின் மனைவியும் பிள்ளைகளும் அந்த ஏலத்தில் இருந்தார்கள்.

ஏலத்தை நடத்தியவரும், 1829இல் கடிதங்களை நான்கு தொகுதிகளாக முதன்முதலில் அச்சிட்டவரும் ஒருவரே: மூத்த பேரன் தாமஸ் ஜெஃபர்சன் ராண்டால்ஃப். 1831இல் நாட் டர்னர் தலைமையிலான அடிமைக் கிளர்ச்சி வர்ஜீனியாவை உலுக்கியபின், கோல்ஸ் இந்தப் பேரனுக்கும் கடிதம் எழுதித் தூண்டினார். சட்டமன்ற உறுப்பினராக இருந்த ராண்டால்ஃப், 1840 ஜூலை 4 முதல் பிறக்கும் அடிமைக் குழந்தைகள் வளர்ந்தபின் அரசின் வசமாகி, உழைத்துத் தங்கள் பயணச் செலவைத் தாங்களே ஈட்டி நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். தாத்தாவின் கணக்கு, கிட்டத்தட்ட அப்படியே. அதற்குள் எஜமானர்கள் அவர்களைத் தெற்கே விற்றுவிடவும் தடையில்லை. விவாதத்தில் இரு தரப்பாரும் ஜெஃபர்சனைத் துணைக்கு அழைத்தார்கள். எவருக்கும் பொருந்தும்படி ஏதாவது ஒரு கடிதம் இருந்தது. உடனே சட்டம் இயற்றுவது உசிதம் என்ற திருத்தம் 1832 ஜனவரியில் 58க்கு 73 என்று தோற்றது. சில மாதங்களில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரிப் பேராசிரியர் தாமஸ் டியூ, அடிமைமுறையை வெளிப்படையாக நியாயப்படுத்தி, வர்ஜீனியா பிற மாநிலங்களுக்கு அடிமைகளை வளர்த்துத் தரும் மாநிலம் என்று அச்சிலேயே எழுதினார்.

கோல்ஸ் 1868 வரை பிலடெல்பியாவில் வாழ்ந்து, அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததைக் கண்டார். அவர் மகன் ராபர்ட்ஸ் வர்ஜீனியாவுக்கே திரும்பிப் போய், தென்மாநிலக் கூட்டமைப்பின் படையில் சேர்ந்து, 1862 பிப்ரவரியில் ரோனோக் தீவில் கொல்லப்பட்டிருந்தான். அடுத்த மாதம் அந்தக் கூட்டமைப்பின் போர்த்துறைச் செயலாளராகப் பொறுப்பேற்றவர் ஜெஃபர்சனின் இன்னொரு பேரன், ஜார்ஜ் வித் ராண்டால்ஃப்.